பங்குக்காரருக்குப் பசியாறல் உண்டா?

ஒரு கேள்வியோடு தொடங்குகிறேன்.

ஒரு கடலோர விடுதிக்கு இரண்டு குடும்பங்கள் வருகின்றன. முதல் குடும்பம் நேற்றுத்தான் ஓர் இரவுக்கு அறை எடுத்தது. இரண்டாவது குடும்பமோ பல ஆண்டுகளுக்கு முன்பே பல்லாயிரம் வெள்ளி கட்டி, அந்த விடுதியில் தனக்கும் பங்கு உண்டு என்று சொல்லும் பத்திரத்தை வீட்டு அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறது. மறுநாள் காலையில் முதல் குடும்பம் பசியாறும் கூடத்தில் நாசி லெமாக்கும் முட்டையும் பழச்சாறுமாக உட்கார்ந்திருக்கிறது. பங்கு வைத்திருக்கும் குடும்பம் மூன்றாவது மாடி அறையில், வீட்டிலிருந்து கொண்டுவந்த ரொட்டிக்கு மார்ஜரின் தடவிக்கொண்டிருக்கிறது. இது முறைதானா?

இது கற்பனைக் கதை அன்று. ரொட்டிக்கு மார்ஜரின் தடவிய குடும்பம் என் தாய்மாமாவின் குடும்பம். அன்று நானும் அந்த அறையில்தான் இருந்தேன்.

மாமா வாங்கிய ஒரு வாரம்

என் மாமா சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் டிரஸராக இருந்தவர். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஊசி போட்டும், பால்வெட்டுக் கத்தி பட்ட விரல்களுக்குக் கட்டுக் கட்டியும் முப்பது ஆண்டுகளைக் கழித்தவர். பால்மரங்கள் போய்ச் செம்பனை வந்தது. பிறகு பாதி நிலம் வீடமைப்புக்குப் போனது. அதோடு மாமாவின் வேலையும் முடிந்தது. ஊழியர் சேமநிதிப் பணம் கைக்கு வந்தது.

அந்த நாளில்தான் ஈப்போவில் ஒரு பேரங்காடி வாசலில், கழுத்துப்பட்டை கட்டிய ஓர் இளைஞர் மாமாவை நிறுத்தி ஒரு சீட்டைச் சுரண்டச் சொன்னார். பரிசு விழுந்தது! பரிசை வாங்கப் போனவர் மூன்று மணி நேரம் குளிர்சாதன அறையில் உட்கார்ந்து, கடற்கரைப் படங்களைப் பார்த்து, இரண்டு முறை காப்பி குடித்து, 18,000 வெள்ளிக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். பரிசாகக் கிடைத்தது ஒரு மின்கேத்தல்.

அத்தை இரண்டு நாள் பேசவில்லை. மாமா சொன்ன சமாதானம் இன்னும் என் காதில் இருக்கிறது. "பிறந்தது லயத்து வீட்டில். வேலை பார்த்த காலமெல்லாம் தோட்டத்து வீட்டில். எங்கே போனாலும் அடுத்தவன் வீடு. வருசத்துக்கு ஒரு வாரமாவது நம்ம இடம்னு சொல்லிக்கிட்டுப் போய்ப் படுக்கலாமே!"

இதைக் கேட்ட பிறகு அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

முதல் முறை போனபோது பிள்ளைகளோடு ஆறு பேர். வேறொரு மாநிலத்தில் உள்ள விடுதி அது, பெயர் வேண்டாம். முகப்பில் நின்ற பெண்ணைப் பார்த்தால், நான் முன்பு படித்துக்கொடுத்த தோட்டத்துப் பிள்ளை! "டீச்சர், நீங்களா!" என்று ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் கணினியைத் தட்டிப் பார்த்ததும் அவள் முகம் சற்றே வாடியது.

"அங்கிள், உங்களுக்கு ரூம் ரெடியா இருக்கு. ஆனா பசியாற கூப்பன் ஓட்டல் கெஸ்டுக்கு மட்டும்தான். வேணும்னா தனியா கட்டணும். குளத்துக்குத் துண்டு எடுத்தா ஒரு துண்டுக்கு இருபது வெள்ளி முன்பணம்."

"பக்கத்துல நிக்கிறவங்ககிட்ட முன்பணம் கேக்கலையேம்மா?"

"அவங்க கெஸ்ட் அங்கிள். நீங்க மெம்பர்."

மாமா அதற்குமேல் பேசவில்லை. சாவியை வாங்கிக்கொண்டு நடந்தார். 18,000 வெள்ளியைவிட, அந்தத் துண்டுக்குக் கேட்ட இருபது வெள்ளிதான் அவரைச் சுட்டது என்பது எனக்குத் தெரிந்தது.

இந்தத் திட்டம் வந்த கதை

டைம்ஷேர் என்று சொல்லப்படும் இந்தக் காலப்பங்குத் திட்டம் 1960களில் ஐரோப்பாவில், ஆல்ப்ஸ் மலை உல்லாச இடங்களில் தோன்றியது. ஒரு வீட்டை ஒரே குடும்பம் முழு விலைக்கு வாங்கி ஆண்டில் பத்து மாதம் பூட்டி வைப்பதைவிட, ஐம்பது குடும்பங்கள் ஆளுக்கு ஒரு வாரம் என்று பங்கிட்டுக்கொண்டால் என்ன என்பதே அதன் அடிப்படை. 1974இல் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் ஆர்.சி.ஐ. என்ற பரிமாற்ற நிறுவனம் தொடங்கியது. ஓரிடத்தில் வாரம் வைத்திருப்பவர் அதைக் கொடுத்து வேறோர் ஊரில் வாரம் பெறலாம் என்ற வழி பிறந்தது. அதன் பின்னர் இந்த வியாபாரம் உலகம் முழுதும் பரவியது.

தமிழ்நாட்டிலும் இது புதிதன்று. சென்னையில் 1986இல் தொடங்கிய ஸ்டெர்லிங் நிறுவனம் கொடைக்கானலிலும் ஊட்டியிலும் விடுதி கட்டி, நடுத்தரக் குடும்பங்களுக்கு இந்தத் திட்டத்தை அறிமுகம் செய்தது. 1996இல் மகிந்திரா குழுமம் வந்தது. ஆண்டுக்கு ஏழு நாள் வீதம் இருபத்தைந்து ஆண்டுகள் தங்கும் உரிமை என்று அது விற்றது. பருவத்துக்கு ஏற்ப ஊதா, சிவப்பு, வெள்ளை, நீலம் என்று நிறங்களும் வைத்தது. அங்கும் அறைக்குத்தான் உரிமை. சாப்பாட்டுக்குத் தனிக் கணக்கு. ஆண்டுச் சந்தா தனிக் கணக்கு.

நம் பேராக்கிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. லூமுட்டுக்கு அருகே டாமாய் லாவுட்டில் பல ஆண்டுகள் சுவிஸ் கார்டன் என்ற பெயரில் ஒரு கடற்கரை ஓட்டல் இயங்கியது. அதே குழுமத்தின் எஸ்.ஜி.ஐ. வெகேஷன் கிளப் என்ற உறுப்பினர் திட்டத்துக்கும் அந்த வட்டாரத்தில் வீடுகள் அமைந்தன. பிறகு அந்த ஓட்டல் ஹில்டன் குழுமத்தின் டபுள்ட்ரீ என்ற பெயருக்கு மாறியது. ஓட்டல் வேறு, உறுப்பினர் திட்டம் வேறு என்பதை இதிலிருந்து புரிந்துகொள்ளலாம். ஒரே கடற்கரையாக இருக்கலாம். கணக்குப் புத்தகம் இரண்டு.

ஓட்டல்காரர் சொல்லும் நியாயம்

மாமாவின் கோபம் ஒரு பக்கம் இருக்கட்டும். எதிர்க்கட்சியின் வாதத்தையும் கேட்பதுதானே முறை?

ஓட்டல் விருந்தாளி ஓர் இரவுக்குக் கொடுக்கும் பணத்தில் அறை மட்டும் அடங்கவில்லை. பசியாறல், தினமும் படுக்கை மாற்றுதல், குளியலறையில் புதிய சவர்க்காரம் எல்லாம் அந்த விலைக்குள் வைத்துக் கணக்கிடப்பட்டவை. நம் நாட்டில் பல ஓட்டல்கள் கட்டணத்தோடு நூற்றுக்குப் பத்து சேவைக் கட்டணமும் சேர்க்கின்றன. அந்தப் பணம் தொழிலாளர்களுக்குப் பங்கிடுவதற்கென வசூலிக்கப்படுவது. அதைக் குறைந்தபட்சச் சம்பளத்தை நிரப்பப் பயன்படுத்தக் கூடாது என்று கூட்டரசு நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்தது. ஓட்டல் தொழிலாளர் சங்கம் நடத்திய வழக்கு அது. நம் தோட்டத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேர் இன்று ஓட்டல்களில் படுக்கை விரித்துப் பிழைக்கிறார்கள். ஆகவே இந்தச் செய்தி நமக்கு அன்னியமானதன்று.

பங்குக்காரர் அறை வாடகை கட்டுவதில்லை. அறை வாடகை இல்லையென்றால் அதன்மேல் வரும் சேவைக் கட்டணமும் இல்லை. அவர் தருவது ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம். அதில் கூரை, மின்தூக்கி, குளம், காவலாளி, மெத்தை, வண்ணப்பூச்சு ஆகியவை அடங்கும். தினமும் ஆறு பேருக்கு நாசி லெமாக் அடங்காது. அடங்க வேண்டுமென்றால் கட்டணத்தை உயர்த்தவேண்டும். அப்போது அந்த ஆண்டு விடுதிப் பக்கமே போகாத உறுப்பினரும், போனவருடைய பசியாறலுக்குச் சேர்த்துக் கட்டவேண்டி வரும். அது நியாயமாகுமா?

அமெரிக்காவில் டிஸ்னி நிறுவனம் 1991இல் இத்தகைய விடுதியொன்றைத் திறந்தது. அங்கே உறுப்பினர் தம் பங்கில் தங்கினால் தினமும் அறை சுத்தம் செய்ய ஆள் வரமாட்டார். நான்காம் நாளில்தான் குப்பையை எடுத்துத் துண்டு மாற்றுவது பல ஆண்டு வழக்கம். தினமும் வேண்டுமென்றால் தனிக்காசு. ஆனால் அந்த ஏற்பாட்டை முன்கூட்டியே எழுத்தில் சொல்லிவிடுகிறார்கள். சமையலறையும் சலவை இயந்திரமும் உள்ள வீட்டில் தங்குபவர், தம் வீட்டில் இருப்பதுபோல் இருந்துகொள்வார் என்பது அந்தக் கணக்கு.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. மேரியட் ஓட்டல் குழுமம் 1984இல் காலப்பங்குத் தொழிலில் இறங்கி, 2011இல் அந்தப் பிரிவைத் தனி நிறுவனமாகப் பிரித்துவிட்டது. ஹில்டனும் 2017இல் அவ்வாறே செய்தது. வாசலில் தொங்கும் பெயர் ஒன்றாக இருந்தாலும், உள்ளே முதலாளிகள் இருவர். ஒருவர் தரும் சலுகையை மற்றவர் தாமாகத் தருவார் என்று எதிர்பார்க்க முடியாது.

பங்குக்காரர் பக்கத்து நியாயம்

சரி, ஓட்டல்காரர் சொல்வது முழுக்கச் சரியென்று விட்டுவிடலாமா? விடக்கூடாது என்பதுதான் என் கட்சி.

விடுதியைக் கட்டத் தொடங்கும்போது யாருடைய பணம் முன்னே வந்தது? வங்கியில் வட்டி கொடுத்து வாங்கியிருக்க வேண்டிய பணத்தை, மாமாவைப் போன்றவர்கள் முன்கூட்டியே கொடுத்தார்கள். விருந்தாளி இல்லாத அடைமழைக் காலத்திலும், பெருந்தொற்றுக் காலத்தில் 2020, 2021ஆம் ஆண்டுகளில் ஊரே அடைபட்டுக் கிடந்தபோதும், ஓட்டலுக்கு வாடகை வரவில்லை. ஆனால் மாமாவுக்குப் பராமரிப்புக் கட்டணச் சீட்டு வந்தது. அவர் கட்டவும் செய்தார். அந்தக் குளத்தில் தண்ணீர் பச்சையாகிப்போகாமல் காத்ததில் அவருக்கும் பங்கு உண்டு. அவரிடமே துண்டுக்கு முன்பணம் கேட்டு, நேற்று வந்தவரிடம் கேட்காமல் விடுவது எந்த ஊர் நியாயம்?

இங்கே நம் சமுதாயத்தின் பழைய கதை ஒன்று நினைவுக்கு வருகிறது. 1950களின் பிற்பாதியில் வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுப் புறப்பட்டபோது, நம்மவர்கள் வீதிக்கு வரும் நிலை ஏற்பட்டது. அப்போது நம் சுங்கை சிப்புட் தந்த தலைவர் துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்வெட்டுத் தொழிலாளி மாதம் பத்து வெள்ளியாகச் செலுத்திப் பங்கு வாங்கினார். மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் சங்கத்தின் கைக்கு வந்தது.

அந்தப் பங்குக்காரருக்கும் யாரும் இலவசப் பசியாறல் கொடுக்கவில்லை. ஆனால் கூட்டுறவுச் சங்கத்தில் ஆளுக்கு ஓர் ஓட்டு. ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து நின்று, "கணக்கைக் காட்டுங்கள்" என்று கேட்க அவருக்கு உரிமை இருந்தது. பங்கு என்ற சொல்லுக்கு அதுவல்லவா பொருள்? காலப்பங்கு விற்பவர் 'சொந்தக்காரர்' என்ற சொல்லைத்தான் விற்கிறார். பத்திரத்தைப் புரட்டிப் பார்த்தால், நம் நாட்டில் பெரும்பாலும் அது குறிப்பிட்ட ஆண்டுவரை தங்கும் உரிமைதான். நிலத்தில் நமக்குப் பட்டா கிடையாது.

மூன்று கூறாகப் பிரிப்போம்

அப்படியென்றால் ஓட்டல் விருந்தாளிக்குக் கிடைப்பதெல்லாம் பங்குக்காரருக்கும் கிடைக்கவேண்டுமா, வேண்டாமா? நான் வகுப்பில் கணக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல் இதை மூன்று கூறாகப் பிரிக்கிறேன்.

முதலாவது, அன்றாட வாடகையில் அடங்கியவை: பசியாறல், வரவேற்புப் பானம், தினமும் படுக்கை மாற்றுதல். வாடகை கட்டாதவர் இவற்றை இலவசமாகக் கேட்பது சரியன்று. மற்றவர் கட்டிய விலையில் நாம் சாப்பிடுவது போலாகும். ஆனால் விற்கும்போது 'எல்லாம் உண்டு' என்று எழுதிக் கொடுத்திருந்தால், அது வாக்கு. வாக்கைக் காப்பாற்றவேண்டும்.

இரண்டாவது, பராமரிப்புக் கட்டணத்தில் வாழ்பவை: நீச்சல் குளம், பூங்கா, பிள்ளைகள் விளையாடும் இடம், கார் நிறுத்துமிடம், காவல். இவற்றில் பங்குக்காரருக்கும் விருந்தாளிக்கும் ஒரு மயிரிழையும் வேற்றுமை இருக்கக்கூடாது. பள்ளி விடுமுறையிலும் தீபாவளி வாரத்திலும் 'அறை இல்லை' என்று உறுப்பினரைத் திருப்பிவிட்டு, உறுப்பினருக்கென ஒதுக்கிய அறையையே வெளியாருக்கு வாடகைக்கு விட்டால், அது சலுகைக் குறைவு அன்று, உரிமைப் பறிப்பு.

மூன்றாவது, காசில்லாமல் கொடுக்கக்கூடியவை: சிரித்த முகம், ஒரே வரிசை, ஒரே மரியாதை. இதற்கு எந்தப் பத்திரமும் தேவையில்லை. தோட்டத்தில் ஒரு காலம் இருந்தது. துரை கிளப்பின் வாசலில் நம்மவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு நின்ற காலம் என்று என் பாட்டி சொல்லுவார். அந்த வாசலை மறுபடியும் காசு கொடுத்து வாங்கவேண்டுமா?

ஆக, என் தீர்ப்பு இதுதான்: பசியாறலில் சமம் வேண்டாம், குளத்தில் சமம் வேண்டும், மரியாதையில் சமம் கட்டாயம்.

கையெழுத்துக்கு முன்னும் பின்னும்

சட்டம் நம்மைக் கைவிட்டுவிடவில்லை. இத்திட்டங்கள் முன்பு 1965ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின்கீழ் இருந்தன. இப்போது ஆக்தா ஸ்கிம் கெப்பெந்திங்கான் 2016 என்ற தனிச் சட்டம் உண்டு; அது 2017 ஜனவரி 31ஆம் நாள் நடப்புக்கு வந்தது. திட்டம் எஸ்.எஸ்.எம். எனப்படும் நிறுவனங்கள் ஆணையத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். உறுப்பினர்களின் நலனைக் காக்க டிரஸ்டி என்ற பொறுப்பாளர் இருக்க வேண்டும். ஆகவே யாராவது உங்கள் முன் பத்திரத்தை நீட்டினால் முதலில் கேளுங்கள்: "பதிவு எண் எங்கே? டிரஸ்டி யார்?" பதில் மழுப்பலாக வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். மின்கேத்தலைக் கடையில் வாங்கிக்கொள்ளலாம்.

அடுத்து, வாயால் சொன்ன சலுகைகள் அனைத்தையும் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். பசியாறல் உண்டா, துண்டு உண்டா, எத்தனை நாளுக்கு ஒருமுறை அறை சுத்தம், ஓட்டலின் பெயரோ முதலாளியோ மாறினால் இவை நீடிக்குமா, பராமரிப்புக் கட்டணம் ஆண்டுக்கு எவ்வளவு ஏறலாம் என்றெல்லாம் கேளுங்கள். அன்றே கையெழுத்துப் போடாதீர்கள். ஐரோப்பிய நாடுகளில் 2008இல் இயற்றிய விதியின்படி, கையெழுத்திட்டவர் பதினான்கு நாளுக்குள் காரணம் சொல்லாமலே விலகலாம். அந்த நாட்கள் முடியும்வரை முன்பணம் வாங்கவும் கூடாது. நீங்கள் கையெழுத்திடும் பத்திரத்தில் விலகுவதற்கு எத்தனை நாள் கொடுத்திருக்கிறது என்று விரல் வைத்துப் படியுங்கள். படிக்கத் தெரியாவிட்டால் பிள்ளையிடம் கொடுங்கள். அதற்காகத்தானே பள்ளிக்கு அனுப்பினோம்?

ஏற்கனவே வாங்கிவிட்டவர்கள் சும்மா புழுங்கவேண்டாம். எழுதுங்கள். நிர்வாகத்துக்கு ஒரு கடிதம், டிரஸ்டிக்கு ஒரு பிரதி. பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் 50,000 வெள்ளிவரையிலான கோரிக்கைகளை விசாரிக்கிறது. மனுவுக்கு ஐந்து வெள்ளிதான், வழக்கறிஞர் தேவையில்லை. பினாங்கு பயனீட்டாளர் சங்கம் போன்ற அமைப்புகளிடமும் ஆலோசனை கேட்கலாம்.

மாமா எழுதிய கடிதம்

மாமா வீடு திரும்பியதும் பத்திரத்தை எடுத்து என்னிடம் கொடுத்தார். நானும் அவரும் இரண்டு இரவு உட்கார்ந்து படித்தோம். பசியாறல் எங்கும் எழுதப்படவில்லை. அந்த இளைஞர் வாயால் சொன்னதோடு சரி. ஆனால் பதினோராம் பக்கத்தில், உறுப்பினர்கள் உணவு விடுதியில் கழிவு விலையில் சாப்பிடலாம் என்று ஒரு வரி இருந்தது. அதை எங்களுக்கு யாருமே சொல்லவில்லை. குளத்தைப் பயன்படுத்துவதில் உறுப்பினருக்கு முழு உரிமை என்றும் இருந்தது. முன்பணம் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

மாமா தம் டிரஸர் கையெழுத்தில், மருந்துச் சீட்டு எழுதுவதுபோல் சுருக்கமாக எழுதினார். நான் அதை மலாயில் திருத்திக் கொடுத்தேன். இரண்டு மாதம் கழித்து ஒற்றை வரியில் பதில் வந்தது: 'தங்கள் கருத்து கவனத்தில் கொள்ளப்படும்.' மாமா சிரித்துவிட்டு மடித்து வைத்தார்.

மறு ஆண்டு போனோம். அதே பெண் முகப்பில் நின்றாள். துண்டுகளை எடுத்து மாமாவின் கையில் கொடுத்தாள். முன்பணம் கேட்கவில்லை. "இந்த வருசத்திலிருந்து எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் அங்கிள்" என்றாள். மாமா எங்கள் கடிதத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நிமிர்ந்து நடந்தார்.

காலையில் அத்தை அறையிலேயே நெத்திலிச் சம்பல் செய்தார். அன்று பசியாறும் கூடத்தைப் பிள்ளைகள்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.